பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி

அக்டோபர் 4, வெள்ளி

ஜெபக்கூட்டம், புஷ்பம் டீச்சர் வீட்டில். வந்தவர்கள்: புஷ்பம் டீச்சர், வயலெட் அக்கா, மாவு மில் லில்லி, நான். வேறு யாரும் இல்லை. டீச்சரின் பூனை ஆரம்பம் முதல் ஆமென் வரை இருந்தது. ஆனால் அதை வருகையில் சேர்க்கக் கூடாது என்று டீச்சர் போன மாதமே சொல்லிவிட்டார்.

கணக்கு வைப்பது என் பொறுப்பு. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில் வந்த தேதி. இன்று இடது பக்கத்தில் எழுதியவை: டீச்சரின் தெருவில் உடைந்து கிடக்கும் சாக்கடைக்காக. லில்லியின் மிளகாய் வற்றல் காய்வதற்காக. வயலெட் அக்காவின் மகள் பியூலா, எங்கே இருந்தாலும் பத்திரமாக இருப்பதற்காக. பியூலா புருஷன் வீட்டு அடி தாங்காமல் வெளியேறி மூன்று மாதம் ஆகிறது. புருஷன் வீட்டார் ரைஸ் மில்காரக் குடும்பம், ஊர் முழுக்கத் தேடுகிறார்கள். எங்கே இருக்கிறாள் என்பது வயலெட் அக்காவுக்கு மட்டும் தெரியும். நாங்கள் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் விண்ணப்பங்கள் போனில் போகும். டீச்சர் வயலெட் அக்காவுக்கு, அக்கா எனக்கு, நான் லில்லிக்கு, லில்லி அடுத்த தெருவுக்கு. இதைச் சங்கிலி ஜெபம் என்போம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பேரை வெளியில் சொல்ல முடியாத கஷ்டம் என்றால், "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக" என்று கொடுக்கலாம். யார் என்று யாரும் கேட்கக் கூடாது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கேட்கக் கூடாது. போன மாதம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் மாமியார் சீக்கிரம் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஜெபித்தோம். மாமியார் போன மறுநாள் லில்லி எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "வயலெட் அக்காவுக்கு அந்தக் கேரளத் தைலம் ஒத்துக்கலையாமே, முட்டி வீங்கிப்போச்சாமே" என்றார். அக்கா தைலம் வாங்கியதே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு இவர் கை கொடுத்தார். "மாற்றல் நின்னு போச்சாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். ஐயரின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஐயரம்மா, "என்ன மாற்றல்?" என்றாள்.

இவர் வானிலைத் தகவல் துணை மையத்தில் டைப்பிஸ்ட். ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் இருக்கிறது, போர்டில் மேகமும் குடையும் வரைந்திருக்கும். லில்லி என் மூலமாகக் கேட்டிருந்தாள், மிளகாய் காயப்போடலாமா என்று. "தாராளமாப் போடச் சொல்லு" என்றார். மதியம் கொட்டித் தீர்த்தது. பதினொரு வருஷமாக இந்த ஆபீசில் இருக்கிறார், ஒரு மழையைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் மாற்றல் நின்றுபோனது தெரிகிறது.

நான் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. இரண்டு தடவை இருமினார். எதையாவது ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றால் இவருக்கு முதலில் இந்த இருமல்தான் வரும். பெண் பார்க்க வந்த அன்றும் இருமினார், பிறகுதான் "சம்மதம்" என்றார்.

"எப்சி, அங்க இப்ப மழையெல்லாம் ஒண்ணும் பாக்கலை. கேக்குதோம்."

"என்னத்தக் கேக்கிய?"

"ஊர் போன்ல பேசுறத. கேட்டு, டைப் அடிச்சு, மேல அனுப்புதோம்."

நான் துருவலைத் தட்டில் சரியாகக் குவித்தேன். "யாரு கேக்கச் சொன்னா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு பெரிய மந்திரி வந்தாருல்லா, அதுக்காக ஒரு வாரம் கேக்கச் சொன்னாவ."

"மந்திரி போயிட்டாரே."

"போயிட்டாரு. நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரலை."

"கேக்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சா?"

"அது வாய்மொழி." மறுபடியும் துருவ ஆரம்பித்தார். "எங்களால கேக்கத்தான் முடியும். பேசுறதுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கு, அதுமேல பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கு. இதை ஒருத்தர்ட்டயும் சொல்லிராத. ஆண்டவர் பேரால சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், ரகசியத்தைக் காப்பேன்னு."

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 9, புதன்

சொதி வைத்தேன். இஞ்சித் துவையலும். வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஜெபக்கூட்டம். வந்தவர்கள் போன வாரம் போலவே. பூனை வரவில்லை.

இடது பக்கம் எழுதியவற்றில் ஒன்று: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் கணவர், மழையைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊர் ஜனங்களின் போனை ஒட்டுக்கேட்கும் வேலையிலிருந்து விடுபட."

இதை யார் கொடுத்தார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. வழக்கம் வழக்கம்தான்.

வாசித்து முடித்தேன். வயலெட் அக்கா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தாள். லில்லிதான் வாயைத் திறந்தாள். "அப்போ என் மிளகா நனைஞ்சதுக்கு இதான் காரணமா" என்று ஆரம்பித்தவளை டீச்சர், "லில்லி!" என்று ஒரு அதட்டுப் போட்டார். உருக்கமாக ஜெபித்தோம். பிறகு வழக்கப்படி விண்ணப்பங்கள் எல்லாம் போனில் போயின. இதுவும் போயிற்று. லில்லிக்கு நான்தான் போனில் வாசித்தேன். பாதி வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, போனில் வாசிக்கிறோமே என்று. பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை என்பதால் முழுவதையும் வாசித்துவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

மதியச் சோறு அப்படியே திரும்பி வந்தது. கூட்டுகூடத் தொடவில்லை.

"அந்த ஜெபத்தை நான்தான் டைப் அடிச்சேன்" என்றார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "'பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் கணவர்'. என் கையால. நாலு காப்பி."

"அடிக்காம விட்டிருக்கலாமே."

"பக்கத்து மேசைக்காரனும் அதே லைனைக் கேக்கான்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தச் சகோதரி யாருன்னு கண்டுபிடிக்க ஆபீசர் ஒரு ஆளைப் போட்டிருக்காரு."

"யாரை?"

"என்னைய. மத்தவனுகளுக்கு நம்ம ஜெபம் புரியலையாம்."

அவர் ஆபீசில் எழுதிக் கொடுத்த அறிக்கை: தீவிரமாகத் தேடி வருகிறோம், இதுவரை துப்பு கிடைக்கவில்லை. சோற்றைச் சூடாக்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

எல்லோரும் பயந்துபோய் போனையே தொடமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு.

டீச்சர் சங்கிலி ஜெபத்தைத் தொடங்கும்போதே, "கேட்டுக்கிட்டு இருக்கிற தம்பி, உனக்கும் ஸ்தோத்திரம். சாப்டியா? எங்க தெருச் சாக்கடை உடைஞ்சு எட்டு மாசம் ஆகுது. மனு குடுத்தாக் குப்பையில போடுதாங்க. நீ டைப் அடிச்சா மேலே போகும்லா? வார்டு நம்பரையும் போட்டு அடி" என்றாராம். வயலெட் அக்கா அப்படியே எனக்குச் சொன்னாள்.

இவரிடம் கேட்டேன். "வார்டு நம்பரை ரெண்டு தடவை சொன்னாவ. போட்டேன்" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

சாக்கடையைச் சரிபண்ண ஆள் வந்துவிட்டது. ஜேசிபியே வந்தது. டீச்சரின் விண்ணப்பத்துக்கு நேரே வலது பக்கத்தில் தேதி எழுதிவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

கூட்டத்துக்கு இடம் போதவில்லை. அடுத்த தெருவிலிருந்தும் வந்துவிட்டார்கள், எல்லோர் பேரையும் எழுதப் பக்கம் கொள்ளவில்லை. டீச்சரின் போன் உறுதியாகக் கேட்கப்படுகிறது என்று தெரிந்ததால், ஒருத்தர் பின் ஒருத்தராக அதில் பேசினார்கள். தெருவிளக்கு, ரேஷன் கடைப் பச்சரிசி, காலேஜ் பஸ் நிற்காமல் போவது. ஒருத்தி தன் மருமகள் செய்யும் அட்டூழியத்தைச் சொல்லத் தொடங்கினாள். "இது அரசாங்கத்தால ஆகாது" என்று டீச்சர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்தப் பழைய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாமா என்று லில்லி கேட்டாள். "நாமதான ஒருத்தர் நம்ம பேச்சைக் கேக்கணும்னு எத்தனை வருஷமா ஜெபிச்சோம்? இப்ப கேக்கான். அவனைப் போயி எதுக்கு விடுவிக்கணும்?" என்றாள். நிறையப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு என்னவோ போல் இருந்தது. நாங்கள் சொன்னதை மட்டுமா கேட்கிறார்கள், சொல்ல நினைக்காததையும்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தச் சகோதரிக்காக நான் ஏன் அவ்வளவு வரிந்துகட்டுகிறேன் என்று கேட்டுவிட்டால்? நோட்டில் அடுத்த வரியை எழுதினேன்.

வயலெட் அக்காவுக்கு மட்டும் ஒரே குறை. "எம் போனைக் கேக்கானா இல்லியான்னே தெரியல, எப்சி. நானும் தினம் குட்மார்னிங் சொல்லுதேன். என் வீட்டுப் பக்கம் ஒரு பல்பு கூட மாறல. டீச்சர்னா ஒரு சட்டம், நமக்குன்னா ஒரு சட்டமா?"

அக்டோபர் 28, திங்கள்

பியூலாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மதுரையில் ஒரு ஹாஸ்டலில் இருந்திருக்கிறாள். சனிக்கிழமை ரைஸ் மில்காரர்கள் இரண்டு காரில் நேராக அந்த வாசலுக்கே போய் இறங்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் விசாரிக்கவில்லை, அட்ரஸ் கையில் இருந்தது. இப்போது மில் வீட்டு மாடியில் இருக்கிறாளாம். அவளுடைய போனை யாரும் எடுக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். வயலெட் அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முட்டிக்குக் கீழே தலையணை.

"யார்ட்ட அக்கா சொன்னிய?"

"ஒருத்தர்ட்டயும் சொல்லல." என் முகத்தைப் பார்த்தாள். "அந்தத் தம்பிட்டதான் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை ராத்திரி லில்லியுடன் பேசும்போது, லில்லி போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில், "தம்பி, நீ கேக்கேன்னா எம் மவளையும் கொஞ்சம் பாத்துக்க. மதுரையில இன்ன தெரு, இன்ன ஹாஸ்டல். அந்தப் பக்கம் போலீஸ் ரோந்து போகச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லியிருக்கிறாள்.

என்னிடமும் சொல்லாததை. மூன்று மாதமாகப் பெற்ற மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த ரகசியத்தை.

அக்டோபர் 29, செவ்வாய்

இவர் இருமவில்லை. நேராகச் சொன்னார்.

"ரோந்து போவாங்கன்னுதான் அடிச்சேன், எப்சி. 'அவசரம்'னு தலைப்புல போட்டேன். சாக்கடைக்கு ஜேசிபி வந்துச்சே, இதுக்கும் வரும்னு நெனச்சேன். ஆபீசர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக் கேட்டாரு. மில்காரரும் அவரும் ஒண்ணா ஷட்டில் ஆடுறவங்க. அது எனக்கு நேத்துதான் தெரியும்."

பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளி முறுக்கு கொடுத்தார்கள். டப்பாவில் போட்டு மூடினேன்.

நவம்பர் 1, வெள்ளி

வந்தவர்கள்: டீச்சர், லில்லி, வயலெட் அக்கா, நான், பியூலாவுக்காக வந்த மதுரை வக்கீலம்மா. மற்ற தெருக்காரர்கள் வரவில்லை. டீச்சரின் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்கள்.

வக்கீலம்மா விளக்கினார். பியூலாவைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மனு போட்டாகிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. ஆனால் மில்காரர்கள், அவளே போன் பண்ணிக் கூப்பிட்டாள், அதனால்தான் போனோம் என்கிறார்களாம். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளையும் அப்படியே சொல்லவைப்பார்களாம். "அட்ரஸ் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு அந்த ஒட்டுக்கேட்கிற ஆபீசுக்குள்ளே இருக்கிற ஆள் ஒருத்தர் சொன்னாப் போதும். அப்படி ஒருத்தர் உங்களுக்குத் தெரியுமா?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லில்லி பூனையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு விண்ணப்பம் சொல்லும் நேரம். வயலெட் அக்கா காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் கணவர், கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்ல."

"அந்தச் சகோதரி யாருங்க?" என்று வக்கீலம்மா பேனாவை எடுத்தார்.

"அதைக் கேக்கக் கூடாதும்மா" என்றார் டீச்சர். "எங்க வழக்கம்."

இடது பக்கம் எழுதினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

ஆராதனைக்கு இவர் வரவில்லை. திரும்பி வந்து மீன் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கோர்ட் விஷயத்தைப் பேசினேன்.

"வேலை போகும். பென்ஷன் போகும். ஜெயிலுக்கும் அனுப்புவாங்க" என்றார். "அது கிடக்கட்டும். ஆண்டவர் பேரால சத்தியம் பண்ணியிருக்கேனே, அதுக்கு என்ன சொல்லுத? நீதான் எல்லாத்துக்கும் கணக்கு வைக்கியே, இதை எந்தப் பக்கம் எழுதுவ?"

சத்தியம் சத்தியம்தான். குழம்பு கொதித்து இறங்கும் வரை யோசித்தேன்.

"எந்த ரகசியத்தைக் காக்கேன்னு சத்தியம் பண்ணுனிய?"

"ஆபீஸ் ரகசியத்தை."

"பியூலா எங்க இருந்தான்னது ஆபீஸ் ரகசியமா? அது அவ ரகசியம். அதைக் கேட்டதும் நீங்க, வெளிய குடுத்ததும் உங்க ஆபீஸு. ரகசியத்தைக் காக்கணும்னு சத்தியம் பண்ணுனவர்தான, அதை எப்பக் காக்கப் போறிய?"

எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மீனைத் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் வஞ்சிர மீனை விட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

பிறகு எனக்கும் உறுத்தியது. அவர் என்னை நம்பிச் சொன்னதை, பெயர் இல்லாமல் என்றாலும், சபைக்குக் கொடுத்தவள் யார்? பெயர் சொல்லாவிட்டால் என் கணக்கில் வராது என்று இருந்துவிட்டேன். வயலெட் அக்கா அந்தத் தம்பியிடம் பேசவேண்டி வந்ததற்கு முதல் காரணம் அந்த விண்ணப்பம்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. நான் பேச வாயெடுத்தால் எழுந்து மாடிக்கோ குளியலறைக்கோ போய்விடுகிறார். இன்று செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"அந்தச் சகோதரி நீயா இருக்குமோன்னு ஆபீசருக்குச் சந்தேகம் வந்துட்டு. நாளையிலிருந்து உன் போனை ஒரு ஆள் முழுநேரமும் கேக்கணுமாம்."

"யாரு?"

"நம்ம ஜெபம் புரியுற ஆளுதான்" என்றார். மாடிக்குப் போய்விட்டார்.

நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே நினைத்தேன். வீட்டில் எழுந்து போய்விடுகிறவர், ஆபீசில் எழுந்து போக முடியாது.

நவம்பர் 6, புதன்

காலை வேலைகளை முடித்தேன். விளக்கமாற்றைக்கூட இடத்தில் வைத்தேன். சின்ன ஜெபம் ஒன்று செய்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டேன். "டீச்சர், போனை எடுத்துப் பக்கத்துல வச்சிருங்க, போதும். நான் உங்ககிட்டப் பேசலை" என்றேன். "சரிம்மா, உலையில அரிசி போடணும், நீ பேசு" என்று போனை அணைக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு நான் பேசியது, ஞாபகத்தில் இருக்கும் அளவுக்கு:

"ஏங்க. நான்தான். கேக்கிறது நீங்கதான்னு தெரியும். மேசையை விட்டு எந்திரிக்காதிய, பக்கத்து மேசைக்காரன் பாப்பான். டைப் அடிங்க. பேசுறவர் பேரு எப்சிபா. எழுத்துக் கூட்டிச் சொல்லணுமா? இருபத்தாறு வருஷமாக் கூப்பிடுற பேருதான். அந்தப் பெயர் சொல்ல விரும்பாத சகோதரி நான். இப்ப பெயர் சொல்லுதேன். நாலு காப்பியிலயும் தெளிவா விழணும். ஆபீசர் தேட வேண்டாம், உங்களுக்கும் நாளைக்குப் பொய் அறிக்கை எழுதுற வேலை இல்ல.

"நீங்க என்னை நம்பிச் சொன்னதை நான் வெளிய விட்டேன். அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குதேன். வீட்டுல கேக்கலாம்னா நிக்க மாட்டேங்கிய. வேலை போனாப் போகட்டும், லில்லி மில்லுல கணக்குக்கு ஆள் வேணுமாம், எனக்குக் கணக்கு வரும். ஜெயிலுன்னா மனுப் போட்டு வந்து பாப்பேன், சொதி கொண்டு வாரேன். ஆனா அந்தப் பிள்ளை மில் வீட்டு மாடியில இருக்கையில, நம்ம வீட்டு மாடியில போய் நீங்க உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியல.

"டிபன்ல புளிக்குழம்பு இருக்கு, உப்புக் கம்மி. ஊறுகாய் தனியா வச்சிருக்கேன்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கோர்ட். வக்கீலம்மா வாசல்ல நிப்பாங்க. நானும் நிப்பேன். வருவியளா?"

அவ்வளவுதான். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். டீச்சர் வீட்டு உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. பூனை ஒரு தடவை கத்தியது.

பிறகு லைனில் பிளாஸ்திரியைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம். டக்கென்று ஒன்று. அதற்கப்புறம் ஒரு இருமல்.

இன்னொரு இருமல்.

டீச்சர் கரண்டியோடு ஓடிவந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கப் போனை எடுத்தார். "எப்சி, இருமுனது நீயா?"

"இல்ல டீச்சர்."

"நானும் இல்ல. ஸ்தோத்திரம்" என்று சொல்லி, சத்தமில்லாமல் போனைத் திரும்பவும் கீழே வைத்தார்.

காத்திருந்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது, பேச்சு வரவில்லை. அதனால் நானே சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், யார் வாசித்தாலும் சரி:

"இருமலைக் கணக்குல எழுத முடியாதுங்க. வயலெட் அக்கா பேருக்கு நேரே வலது பக்கம் காலியாக் கிடக்கு. வாரேன்னோ வரலைன்னோ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெள்ளிக்கிழமைக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்கு. தயவுசெஞ்சு சீக்கிரம் பதில் சொல்லுங்க."